இல்லமும் நலமும்: ஒரே நோய், இரு வயது

சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சிற்றூர்ப் பங்கு ஒன்றைச் சேர்ந்த ஒரு தந்தை. நான்கு பக்கக் கடிதம். முதல் மூன்று பக்கங்களில் நடந்தவற்றைக் கூறிவிட்டு, நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். அன்று முழுவதும் அக்கேள்வி நம்மை விட்டகலவில்லை.

அவருடைய இளைய மகளுக்கு வயது பன்னிரண்டு. ஐந்து மாதங்களாக இடப்பக்க மூக்கில் அடைப்பு; இடையிடையே அதே பக்கத்தில் சிறிது இரத்தம். சளி என்று மருந்து கொடுத்தனர். ஆவி பிடித்தார்கள். பின்னர், மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும் என்றார்கள். உறுதிபூசுதல் நாளில் எடுத்த நிழற்படம் வீட்டுக்கு வந்தபோது, மகளின் இடக்கண் மற்றக் கண்ணைக் காட்டிலும் சற்றுப் பெரிதாகத் தெரிவதைத் தாய் கண்டார். நேரில் நாள்தோறும் பார்த்த முகத்தில் தெரியாதது படத்தில் தெரிந்தது. அதன்பின் நகரத்துப் பெரிய மருத்துவமனை, ஸ்கேன், பயாப்சி எனப்படும் சதைத்துணுக்குச் சோதனை. முடிவில் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். அவருடைய சீட்டிலும் அதே பெயர். அவருக்கு வயது ஐம்பத்தாறு. முதலில் அறுவை செய்து கட்டியை எடுத்துவிட்டு, இப்போது கதிர்வீச்சு அளித்து வருகிறார்கள். நம் தந்தையின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. “அந்த வாத்தியாருக்கு உடனே அறுவை செய்தார்கள். என் பிள்ளைக்கு முதலில் மருந்து ஏற்றுவோம், அறுவையைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஒரே நோய்க்கு இரண்டு நியாயமா? நாங்கள் இல்லாதப்பட்டவர்கள் என்பதாலா? அல்லது பிள்ளை பிழைக்காது என்று தெரிந்துவிட்டதாலா? உறவினர் வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். மருந்து ஏற்ற அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போவதா, வேண்டாமா?”

திங்களிதழாகிய நாம் அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க இயலுமா? கடிதம் கிடைத்த அன்றே, “குறித்த நாளில் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு இழைக்கப்படும் அநீதியன்று அது, குழந்தைகளுக்கு உரிய முறையே அது” என்று சுருக்கமாக எழுதி அனுப்பினோம். அவருடைய இசைவு பெற்று, ஆளை அடையாளம் காட்டாமல், விரிவான மறுமொழியை இங்கே தருகிறோம்.

நோயின் பெயர் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா. ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா என்றும் சொல்வர். தமிழில் மோப்ப நரம்புப் புற்று என்று நாம் சொல்லிக்கொள்வோம். 1924-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பெர்ஜே, லூக் முதலிய மருத்துவர்கள் இதனை முதன்முதலில் தனி நோயாக எடுத்துரைத்தார்கள். மிக அரிய நோய் இது. மேனாட்டுக் கணக்கின்படி, ஒரு கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பில் ஓராண்டில் ஏறக்குறைய நான்கு பேருக்கு வரலாம். ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் தொழில் செய்தும் இந்நோயாளி ஒருவரையேனும் காணாதிருக்கக் கூடும். ஆதலின், தொடக்கத்தில் சளி என்று மருந்து கொடுத்தவர்மீது நாம் அவ்வளவு விரைவாகக் கல்லெறிய வேண்டியதில்லை. ஐந்து மாதம் என்பது நீண்ட காலந்தான், அதையும் மறைப்பதற்கில்லை.

நாம் மணத்தை நுகர்வது மூக்கின் நுனியால் அன்று. மூக்கறையின் கூரையில், இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மல்லிகையையும் மீன்குழம்பையும் சாம்பிராணியையும் நமக்குப் பிரித்துக் காட்டுவது அச்சிறு சவ்வுதான். அதிலுள்ள நரம்பணுக்கள் தம் நுண்ணிய இழைகளை மேல்நோக்கி அனுப்புகின்றன. சல்லடைபோல் துளைகள் நிறைந்த ஓர் எலும்புத் தகட்டின் வழியே அவ்விழைகள் மூளையின் அடிப்பகுதியைச் சென்றடைகின்றன. மூக்கிற்கும் மூளைக்கும் இடையே அவ்விடத்தில் உள்ள சுவர் அவ்வளவுதான். உடலின் பிற நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்தால் மீள்வதில்லை. மோப்ப நரம்பணுக்களோ வாழ்நாள் முழுவதும் பழையன கழிந்து புதியன தோன்றும் இயல்பின. புதியவற்றைத் தோற்றுவிக்கும் அடித்தள அணுக்களிலிருந்தே இப்புற்று எழுவதாக அறிஞர் கருதுகின்றனர்.

இந்நோய் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையே ஒருமுறையும், ஐம்பது வயதையொட்டி மறுமுறையும் மிகுந்து காணப்படும் என்று பழைய நூல்கள் எழுதின. பின்னர்ப் பெரிய பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஐம்பது, அறுபது வயதினரிடமே மிகுதி என்பதும், குழந்தைகளுக்கு வருவது அரிதினும் அரிது என்பதும் தெரிந்தன. இதனால் ஒரு விளைவு உண்டு. குழந்தைகளைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் பெரும்பாலும் பத்திருபது பேரை வைத்து எழுதப்பட்டவை. எனவே குழந்தை மருத்துவர்கள் ‘இப்படித்தான்’ என்று அறுதியிட்டுச் சொல்லாமல், ‘இதுவரை கண்டவரையில் இப்படி’ என்று அளந்து பேசுவார்கள். அளந்து பேசுவதை நம் மக்கள் மறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். கடிதம் எழுதிய தந்தையும் அவ்வாறே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறோம்.

பெரியவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் ஓசையின்றி வளர்கிறது. ஒரு பக்க மூக்கடைப்பே முதற் குறி. அடுத்தது இரத்தக் கசிவு. மணம் குன்றுவதும் உண்டு. எனினும் மறுபக்க மூக்கு நன்றாக இருப்பதால் பலர் அதனை உணர்வதேயில்லை. அந்த ஆசிரியரும் ஓராண்டுக்கு மேலாக அடைப்பைப் பொறுத்துக்கொண்டு, வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டாராம். அப்படியிருந்தும் அவருடைய கட்டி மூக்கறையையும் அதனையடுத்த சைனஸ் அறைகளையும் தாண்டவில்லை.

குழந்தைகளிடம் கதை வேறு. அவர்களிடம் கட்டி விரைந்து பெருகும் இயல்புடையதாகப் பலமுறை காணப்படுகிறது. கண்டுபிடிக்கப்படும்போதே கண்குழியையோ மண்டையோட்டின் அடிப்பகுதியையோ எட்டியிருப்பதும் மிகுதி. 1976-ஆம் ஆண்டில் கேடிஷ் என்பாரும் அவருடைய துணைவரும் இந்நோயை மூன்று நிலைகளாகப் பிரித்தனர். மூக்கறைக்குள் நிற்பது முதல் நிலை. சைனஸ் அறைகளுக்குப் பரவியது இரண்டாவது. அதற்கும் அப்பால் சென்றது மூன்றாவது. கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் உடலின் பிற இடங்களிலும் காணப்படுவதை நான்காம் நிலையாகப் பின்வந்தோர் சேர்த்தனர். அந்த ஆசிரியர் இரண்டாம் நிலை. சிறுமி மூன்றாம் நிலை. ஒரே பெயரைச் சீட்டில் தாங்கிய இருவரும் உண்மையில் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

குழந்தைகளிடம் ஏன் இந்தத் தாமதம்? நோயின் வேகம் ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. குழந்தையின் மூக்கு அடைத்திருப்பது நமக்கு ஒரு செய்தியே அன்று. மழைக்காலம், பள்ளிக்கூடத்துச் சளி, தொண்டைக்குப் பின்னுள்ள அடினாய்டு வீக்கம் என எத்தனையோ காரணங்கள். குழந்தையும் ‘எனக்கு மணம் தெரியவில்லை’ என்று வந்து சொல்வதில்லை.

இங்கே மற்றப் பெற்றோர்க்கு ஒரு சொல். இதனைப் படித்துவிட்டு, மூக்கில் இரத்தம் வந்த பிள்ளையை எல்லாம் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டா! பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் விரலால் நோண்டுவதாலும், வறட்சியாலும், மூக்கின் முன்பகுதியிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களிலிருந்தே. சிறு குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமுடைய நீர் வடிந்தால், புளியங்கொட்டையோ நிலக்கடலையோ பாசிமணியோ உள்ளே இருக்கிறதா என்றே முதலில் பார்ப்பர். பொத்தான் போன்ற சிறு பேட்டரியாயின் அது உள்ளே புண்ணாக்கிவிடும். அன்றே எடுத்தாக வேண்டும். நாம் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: எப்போதும் ஒரே பக்கத்தில் அடைப்பு, மருந்து கொடுத்தும் மூன்று, நான்கு வாரங்களாக நீங்காதது, அதனோடு அதே பக்கத்தில் இரத்தம். கண் பிதுங்குதல், கன்னம் வீங்குதல், பார்வை இரட்டித்தல் ஆகியவை சேர்ந்தால் ஒரு வாரங்கூடக் காத்திருத்தல் தகாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் குழல்போன்ற கருவியால் உள்ளே பார்க்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள ‘சதை வளர்ச்சி’யை ஸ்கேன் எடுத்துப் பாராமல் வெட்ட விடாதீர்கள். பதின்வயதுச் சிறுவர்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் கட்டி புற்றன்று. ஆயினும் அதனைத் தெரியாமல் தொட்டால் இரத்தம் ஆறாய்ப் பெருகும். மூக்கிலிருந்து எடுத்த சதை எதுவாயினும், அதனைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

சதைத்துணுக்குச் சோதனையிலும் வயது குறுக்கிடுகிறது. உருப்பெருக்கியின் கீழ் இக்கட்டி சிறிய, உருண்டையான, நீலநிறம் ஏறிய அணுக்களின் கூட்டமாகத் தெரியும். அதே தோற்றமுடைய நோய்கள் வேறு பலவும் உள்ளன. குழந்தையாயின் தசைத்திசுவைச் சார்ந்த ராப்டோமயோசார்க்கோமா, யூயிங் கட்டி, நிணநீர்ப் புற்று ஆகியவற்றை விலக்க வேண்டும். பெரியவராயின் மூக்கில் எழும் மெலனோமாவையும் சைனஸ் அறையின் பிற கொடிய புற்றுகளையும் விலக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. சோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று என்று தந்தை குறைப்பட்டிருந்தார். அது வீணே கழிந்த காலமன்று. சிறப்புச் சாயங்களைக் கொண்டு அணுக்களைப் பலமுறை சோதித்தே இப்பெயரைச் சூட்டியிருப்பர்.

பெயரில் ‘நியூரோபிளாஸ்டோமா’ என்று இருப்பதனால் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா என்றொரு புற்று உண்டு. அஃது வேறு, இஃது வேறு. உறவினர் ஒருவர் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு அச்சுறுத்தியதாகத் தந்தை எழுதியிருந்தார். அவர் படித்தது அந்த மற்ற நோயைப் பற்றி என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி, கேள்வியின் உயிர்நாடிக்கு வருவோம். பெரியவருக்கு முதலில் அறுவை. குழந்தைக்கு முதலில் மருந்து. ஏன்?

பெரியவர்களுக்கு இந்நோயில் நெடுங்காலமாக நற்பயன் தந்து வருவது அறுவையும் அதனைத் தொடர்ந்த கதிர்வீச்சுமே. முற்காலத்தில் முகத்தையும் நெற்றி எலும்பையும் திறந்து, மேலிருந்தும் கீழிருந்தும் கட்டியை எடுத்தார்கள். இப்போது தக்க நோயாளிகளுக்கு, மூக்கின் துளை வழியாகவே எண்டாஸ்கோப் கருவியைச் செலுத்தி, மூக்கு மருத்துவரும் மூளை அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்கின்றனர். சல்லடை எலும்பையும் எடுத்துவிட்டு, மூளையுறையில் ஏற்படும் திறப்பை உடலின் வேறிடத்துச் சவ்வைக் கொண்டு அடைக்கின்றனர். முகத்தில் ஒரு வடுவும் இராது. ஐம்பத்தாறு வயதில் முக எலும்பு வளர்ந்து முடிந்தது. அதற்கு மேல் கதிர்வீச்சு அதன் வளர்ச்சியைத் தடுக்கும் என்ற அச்சமில்லை. வேதி மருந்துகளைப் பெரியவர்களுக்குக் கட்டி முற்றியிருந்தாலோ, அணுக்கள் கொடிய வகையாயிருந்தாலோ பயன்படுத்துவர்.

குழந்தையிடம் மூன்று செய்திகள் மாறுகின்றன. கட்டி பெரியது, கண்ணையும் மூளையையும் ஒட்டியது. உடனே அறுத்தால் முழுவதும் எடுக்க இயலாமல் போகலாம். அல்லது முழுவதும் எடுப்பதற்காகக் கண்ணையே இழக்க நேரலாம். இரண்டாவது, குழந்தைகளின் கட்டி சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் நன்றாக இணங்குகிறது. பெரியவர்களிடம் இந்த இணக்கம் அவ்வளவு உறுதியாகக் கிடைப்பதில்லை. விரைந்து பெருகும் அணுக்களையே இம்மருந்துகள் நன்கு தாக்கும் என்பதை நினைத்தால், குழந்தைக்கு எதிராய் நின்ற அதே வேகம் இங்கே அவளுக்குத் துணையாகவும் ஆகிறது என்பது விளங்கும். மூன்றாவது, பன்னிரண்டு வயதில் முகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மருந்தால் கட்டி சுருங்கினால், பின்னர்ச் செய்யும் அறுவையும் சிறிதாகும்; கதிர்வீச்சு விழும் பரப்பையும் குறைக்கக் கூடும்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை மருந்து, அறுவையைத் தள்ளிப்போடும் மருந்தன்று; அறுவைக்கு வழி அமைக்கும் மருந்து. ஏழைக்கொரு நியாயம், செல்வர்க்கொரு நியாயம் என்பது நம் நாட்டு மருத்துவத்தில் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இந்தக் குழந்தையின் காரியத்தில் நடந்தது அதுவன்று. பிழைக்காது என்று முடிவு கட்டிய குழந்தைக்கு இத்தனை கடுமையான மருந்தையும் அதன்பின் ஓர் அறுவையையும் எவரும் திட்டமிட மாட்டார். பெரிய மையங்களின் இக்கால அறிக்கைகளில், எல்லா வயதினரையும் சேர்த்து, ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். முற்றிய நிலையில் வந்த குழந்தைகளிலும் பலர் மும்முறை மருத்துவத்தால் நலமடைந்திருக்கின்றனர்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். மருந்து ஏற்றும் மாதங்களில் முடி உதிரும், வாந்தி வரும், வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சல் கண்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருப்பது உயிருக்கே கேடாகலாம். சிஸ்பிளாட்டின் மருந்து செவியின் நுண்ணொலி உணர்வைக் குறைக்கக் கூடியது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி விழாமற்போனால், அதனைக் குழந்தையின் கவனக்குறைவென்று தண்டிப்பார்கள். ஆதலின் செவிச் சோதனையை ஒருமுறையும் தவற விடலாகாது.

கதிர்வீச்சின் விளைவுகள் இன்னும் தாமதமாக வருவன. பெரியவருக்கு மூக்கு வறண்டு பொருக்குத் தட்டும். பிற்காலத்தில் கண்புரை வரலாம். குழந்தைக்கோ, கதிர் பட்ட பக்கத்து முக எலும்பும் பல்லும் வளர்ச்சியில் பின்தங்கலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கதிர்வீச்சுப் பாதையின் அருகிலிருப்பதால், சில ஆண்டுகளுக்குப் பின் உயரம் கூடாமலும் பருவமடைதல் தாமதித்தும் போகலாம். இவற்றுக்கு மருந்துண்டு, ஆனால் எவரேனும் அளந்து பார்த்தால்தான் தெரியும். கட்டியைத் தாண்டி ஆற்றல் பரவாமல் நிறுத்தவல்ல புரோட்டான் கதிர்வீச்சு 2019-ஆம் ஆண்டு முதல் சென்னையில் அளிக்கப்படுகிறது. அதற்கு ஆகும் செலவோ மிகப் பெரிது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது இன்றியமையாதது என்று சொல்வதற்கில்லை. இவளுக்குத் தேவையா, உதவித் தொகைக்கு வழியுண்டா என்று மருந்து ஏற்றும் மாதங்களிலேயே மருத்துவரிடம் கேட்டுவைப்பது நலம். கதிர்வீச்சு தொடங்கும் வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

மணத்தைப் பற்றி எவரும் நம் தந்தையிடம் பேசவில்லை போலும். கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. சல்லடை எலும்பு முழுவதையும் எடுத்துவிட்டால் மணம் அறியும் உணர்வு போய்விடும். கட்டி ஒரு பக்கத்தோடு நின்ற சிலருக்கு மறுபக்கத்தைக் காத்து, அவ்வுணர்வை ஓரளவு மீட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. உயிருக்கு முன்னால் மணம் பெரிதா என்று கேட்கலாம். பெரிதன்று. ஆயினும் வீட்டில் வாழப்போகிறவருக்கு அது சிறியதுமன்று. நாக்கு அறிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சிலவற்றையே. மீதிச் சுவையெல்லாம் மூக்கின் உபயம். அந்த ஆசிரியர், மனைவி சமைப்பது எல்லாம் வெந்நீரில் ஊறிய பஞ்சுபோல் இருக்கிறது என்றாராம். அந்த அம்மாள் அதனைத் தம் கைப்பக்குவத்தின் குறையாக எண்ணி வருந்தியிருக்க வேண்டா!

சமையலறையில் ஆபத்தும் உண்டு. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் நாம் அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். மணம் அறியாதவருக்கு அந்தக் காவல் இல்லை. அத்தகையவர் தனியே சமைக்கும் வீட்டில், கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் சிறு கருவியைப் பொருத்துவது நல்லது. பால் திரிந்ததா, குழம்பு ஊசிப்போயிற்றா என்பதற்கும் பிறர் மூக்கை நாட வேண்டும். இந்தப் பெண் வளர்ந்து ஒரு வீட்டை ஆளப்போகிறவள். இதனை இப்போதே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

சென்ற வாரம் தந்தையின் இரண்டாம் கடிதம் வந்தது. குறித்த திங்கட்கிழமையே போய்விட்டார்கள். இரண்டு சுற்று மருந்து முடிந்திருக்கிறது; கண்ணின் பிதுக்கம் குறைந்திருப்பதாகத் தாய் சொல்கிறாராம்; மருத்துவரும் ஸ்கேனைப் பார்த்துத் தலையசைத்தாராம். இம்முறை கேள்வி வேறு. மூத்த மகளுக்கு வரன் பார்த்து வருகிறார்கள். ‘இது குடும்பத்தில் வரும் நோய்’ என்று யாரோ சொல்லப்போக, மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்கள். தாயோ, கருவுற்றிருந்தபோது தாம் எதையோ தின்றதால் வந்ததோ என்று இரவில் அழுகிறார்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் நம் இதழைப் படிப்பவர்களாயின் நன்று. மோப்ப நரம்புப் புற்றின் காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை. அது தொற்றுநோயன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக இறங்கும் நோயென்றும் காணப்படவில்லை. தாய் உண்ட உணவோ, குழந்தை குடித்த குளிர்ந்த நீரோ, தலையில் பட்ட பனியோ காரணமாகா. ஆசிரியரின் மூக்குப்பொடியைக் குறைகூறினார்களாம். இந்நோய்க்கும் அதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. மூக்குப்பொடி நல்லதென்று இதற்குப் பொருளில்லை. மரத்தூளைப் பல ஆண்டுகள் சுவாசிக்கும் தச்சர்களுக்கு மூக்கில் வேறொரு வகைப் புற்று வரக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வேலை செய்வோர் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் குழந்தையின் நோய் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தபின் எத்தனை காலம் மருத்துவமனைக்கு அலைய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். பிற புற்றுகளில் ஐந்தாண்டு கடந்தால் பெரும்பாலும் மூச்சு விடலாம். இந்நோய் அப்படியன்று. ஐந்தாண்டுக்குப் பின்னும், சிலரிடம் பத்தாண்டுக்குப் பின்னுங்கூடத் திரும்பி வந்திருக்கிறது. கழுத்துக் கணுக்களில் வருவதே மிகுதி. தொடக்கத்தில் கழுத்தில் நோய் இருப்போர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு; பின்னாளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கழுத்தில் தோன்றுகிறது. உரிய காலத்தில் கண்டால் அதற்கும் மருத்துவம் உண்டு. எனவே குளிப்பாட்டும்போதும் தலை வாரும்போதும் தாய் மகளின் கழுத்தைத் தடவிப் பார்க்கட்டும்; வலியற்ற கட்டி தென்பட்டால் உடனே காட்டட்டும். ஆசிரியருக்கும் இது பொருந்தும். அவர் தாமே முகம் மழிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் காரியத்தில் ஒரு தனி இடர் உண்டு. பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவு அவளை விடுவித்துவிடும். பெரியவர்கள் பிரிவில் எவரும் அவளை அறியார். வேலைக்கோ திருமணமாகியோ அவள் வேற்றூர் செல்லக்கூடும். முகத்தில் வடு இல்லாதிருந்தால் நோய் இருந்த நினைவே பிறருக்கு இராது. ‘பழையதை ஏன் கிளற வேண்டும்’ என்று குடும்பத்தாரே சோதனையை நிறுத்திவிடுவதும் நடக்கிறது.

ஆதலால் காகிதங்களைக் காக்க வேண்டும். முதல் ஸ்கேன் படங்கள், சதைச் சோதனை அறிக்கை, ஏற்றிய மருந்துகளின் பெயரும் அளவும், கதிர்வீச்சின் அளவு ஆகிய அனைத்தையும் இரண்டு படிகளாக வைத்துக்கொள்ளும்படியும், சோதனைச்சாலையில் மெழுகுக்கட்டியாகப் பாதுகாக்கப்படும் சதைத்துணுக்கின் எண்ணைக் குறித்துக்கொள்ளும்படியும் தந்தைக்கு எழுதியிருக்கிறோம். ஒரு படி வீட்டில் இருக்கட்டும், மற்றது மகளுக்கென்று. தேங்காய் எண்ணெய் பட்டு முதல் அறிக்கையில் இரண்டு வரிகள் அழிந்துவிட்டன என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த சுற்று மருந்துக்குப் போகும்போது அதற்கு ஒரு படி கேட்டு வாங்கிக்கொள்வார்.